ஒன்பதாம் துளை, 41 முதல் 57 வரை

2023 பிப்ரவரி 6, திங்கள். காலை 7.10. கோர் பெட்டிகள் 212.

இருக்க வேண்டியவை 214. மூன்று தடவை எண்ணிவிட்டேன். ஆறாம் துளையின் இரண்டு பெட்டிகளைக் காணோம். ஒன்று வாட்ச்மேன் கட்டிலுக்கு அடியில் இருந்தது; வைக்கோல் பரப்பி அதில் கோழியை அடைக்கு உட்கார வைத்திருக்கிறார். இன்னொன்றில் துளை போடும் ரிக் மெஷினின் ஆட்கள் சாப்பாட்டுத் தட்டு அடுக்கியிருக்கிறார்கள். உள்ளே இருந்த கல் எங்கே என்று கேட்டால், எங்கே சார் போகும், இங்கேதான் என்று அடுப்பைக் காட்டுகிறார்கள்.

பூமிக்குள் எண்பத்து மூன்றாவது மீட்டரில் வைர பிட் வைத்து அறுத்து, உருளை உருளையாக மேலே கொண்டுவந்த பாறை. அதற்குத்தான் கோர் என்று பெயர். ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தை என் கையால் பெயிண்டில் எழுதியிருக்கிறேன். அதன் மேல் இப்போது ரசம் கொதிக்கிறது.

கத்தினேன். ஒருவரும் பயப்படவில்லை. எனக்குக் கோபம் வருகிறது என்று தெரிந்ததுமே இங்கே எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.

இந்த நோட்டு எதற்கென்றால், கம்பெனிப் பதிவேட்டில் நடந்தது வருவதில்லை. நடந்திருக்க வேண்டியதுதான் வருகிறது. மாதக் கடைசியில் உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே பேனாவில் எழுதுகிறார்கள். நடந்ததை, நடந்த அன்றே இதில் எழுதுகிறேன்.

இடம்: ஊமத்தனூர் கரடு. அரூரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். தேடுவது டங்ஸ்டன், மாலிப்டினம். கரட்டின் மேற்குச் சரிவில் எட்டுத் துளை போட்டாகிவிட்டது. டங்ஸ்டன் இருக்கிறது. மாலிப்டினம் கொஞ்சம்போல இருக்கிறது. சுரங்கம் வைக்கிற அளவுக்கு இருக்கிறதா என்றால், அதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

பிப்ரவரி 8, புதன். மாலை 6.00

தனபாலன் சார் சென்னையிலிருந்து வந்தார். திட்ட மேலாளர். மேப்பை விரித்து ஓடைக்குக் கிழக்கே விரலை வைத்தார். "இங்க வெள்ளையா இருக்கேப்பா. ஒரு துளை போடு." அங்கே பாறையே வேறு சார், வெறும் சாம்பல் கல், ஒன்றும் கிடைக்காது என்றேன். "கிடைக்காதுன்னு காட்டறதுக்காவது போடு" என்றார். எழுபத்திரண்டு மீட்டர் டீசல் தண்டம்.

அந்த நிலம் மாதம்மாளுடையது. கோர் கொட்டகையில் கல் கழுவுகிற அதே மாதம்மாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். ஒரு ஏக்கர் நாற்பது சென்ட், மரவள்ளி போட்டிருக்கிறாள். புருஷன் செத்த பிறகு மூத்தார் மேல் கேஸ் போட்டு, பதினோரு வருஷம் தர்மபுரி கோர்ட்டுக்கு நடந்து, போன தையில்தான் பட்டா அவள் பேருக்கு வந்தது. கிணறு வெட்ட ஆரம்பித்திருக்கிறாள். கொட்டகையில் வேலையை விட்டுவிட்டுக் கிணற்றுக் கதையாகவே பேசுவாள். மற்றபடி வேலை சுத்தம். கறுப்புத் துணிக்குள் யூவி விளக்கைப் போட்டால், நீலம் எது மஞ்சள் எது என்று எனக்கு முன்னால் சொல்லிவிடுவாள். நீலம் டங்ஸ்டன். மஞ்சள் தட்டினால் மாலிப்டினமும் கலந்திருக்கிறது. மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள்.

ரிக்கை இறக்க அனுமதி கேட்டுப் போனேன்.

"எங்காட்டுல இன்னா இருக்குதுன்னு துளை போடறீங்க?"

"ஒண்ணும் இருக்காது. மேப்புல ஒரு புள்ளி வேணுமாம். அதுக்குத்தான்."

"ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சே துளை போடறவங்கள இப்பதான் சார் பாக்கறன்."

"பத்து நாள். அப்புறம் சிமெண்ட் போட்டு மூடிட்டுப் போயிடுவோம். அதோட உங்க நிலத்துப் பக்கமே வரமாட்டோம். எழுதித் தரவா?"

"எழுதிக் குடுத்ததையெல்லாம் பதினோரு வருசம் கோர்ட்டுல பாத்துட்டன். வாயில சொல்லு சார், போதும்."

சொன்னேன்.

பிப்ரவரி 11, சனி. இரவு 8.15

காலை ஒன்பது மணிக்கு ஒன்பதாம் துளை 41 மீட்டரில் தண்ணீர் போய்விட்டது. உள்ளே விடுகிற தண்ணீர் மேலே திரும்பி வர வேண்டும், வரவில்லை. பாறை முழுக்க வெடிப்பு. பிட்டைச் சுழற்றுகிற ராடு நடுங்குகிறது, சத்தம் கரட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கிறது. ரிக் ஓட்டுகிறவர் செங்கோட்டுவேல். திருச்செங்கோட்டுக்காரர், இருபது வருஷமாக இதே வேலை. மெஷினை நிறுத்திவிட்டு பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

"ராடு மேல பூசற கிரீஸ் தீந்துபோச்சுங்க சார். சேலத்துக்குச் சொல்லியிருக்குதுங்க. செவ்வாக்கெழம வருமுங்க."

"செவ்வாய் வரைக்கும்?"

"சும்மா இருக்கோணுமுங்க."

சும்மா இருக்கணுமாம். பதினெட்டாம் தேதி சிவராத்திரி. ஆட்கள் எல்லோரும் பதினாறாம் தேதியே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் மாசி முழுக்க ஒருத்தன் திரும்ப மாட்டான். ஒன்றும் இல்லாத ஒரு துளைக்காக ஒரு மாதம் நான் இந்தக் கரட்டில் கல்லோடு கல்லாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

பைக்கை எடுத்துக்கொண்டு அரூர் போனேன். பைபாஸ் ஓரம் லாரி சாமான் கடை. ராடு நடுங்குகிறது, நன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி கெட்டியாக ஏதாவது வேண்டும் என்றேன். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசை மேல் 'டங்' என்று வைத்தார். ஐந்து கிலோ. தார் மாதிரிக் கறுப்பு. "மாலி பேஸ்ட் சார். தண்ணி பட்டாலும் போவாது. டிப்பர் லாரிக்கே தாங்கும், உங்க கம்பிக்குத் தாங்காதா?" இரண்டு டப்பா வாங்கினேன்.

செங்கோட்டுவேல் விரலில் எடுத்துப் பார்த்தார். "இது நம்ம சரக்கு இல்லீங்களே சார்" என்றார். கிரீஸ் கிரீஸ்தான், பூசுங்க என்றேன். மதியம் இரண்டரைக்கு மெஷின் ஓடியது. நடுக்கமே இல்லை. மூன்று நாள் மிச்சம். இந்த சைட்டில் மூளையை உபயோகிக்கிற ஆள் ஒருவனாவது இருக்கிறான்.

பிப்ரவரி 13, திங்கள். மாலை 5.40

மாதம்மாளோடு சண்டை.

ஒன்பதாம் துளையின் பெட்டிகள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் உருளையாக இல்லை, நொறுங்கல். அவள் பிரஷை வைத்துவிட்டு இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு சார், சட்டி அடி மாதிரி. கல்லெல்லாம் வழுக்குது. சோப்புத்தூள் குடு. ரெண்டு தண்ணி வுட்டுத் தேச்சாதான் போவும்."

"அது ராடுல பூசறது. கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. சோப்பு போடக் கூடாது. சோப்புல இருக்கிறது லேப்ல காட்டும்."

"சோப்புல இருக்கறது காட்டும், இதுல இருக்கறது காட்டாதா?"

"ஒரு தண்ணி போதும்னு சொல்றேன்ல? ஒரு பெட்டிக்கு அரை மணி நேரம் தேச்சிட்டிருந்தா நான் லேப்புக்கு எப்ப மாதிரி எடுக்கிறது, எப்ப அனுப்பறது?"

"சரி, உன் கல்லு. எனக்கின்னா?"

போகிற போக்கில் பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்ணிடம், "கல்லு சாருக்கு அடுப்புல ஒல வெச்சிட்டு வந்த மாதிரி அவசரம்" என்றாள். என் காதில் விழ வேண்டும் என்றே சொன்னாள். விழுந்தது. கல் கழுவ வந்தவளிடம் வேதியியல் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமை.

பிப்ரவரி 14, செவ்வாய்

57 மீட்டரில் கெட்டிப் பாறை. தண்ணீர் திரும்ப வந்துவிட்டது. சேலத்து கிரீஸும் வந்தது. பேஸ்ட் டப்பாவை ஓரம் கட்டியாயிற்று. ஒன்று காலி, இன்னொன்றில் பாதி.

பிப்ரவரி 16, வியாழன். மதியம் 3.00

72 மீட்டரில் துளை முடிந்தது. மாதிரிப் பைகள் 36. உருளையாக வந்த இடத்தில் நீளவாக்கில் அறுத்து ஒரு பாதி. 41 முதல் 57 வரை நொறுங்கல்தான். அங்கே கல்லும், ராடுக் குழாய்க்குள் கல்லோடு வந்த சகதியுமாகச் சேர்த்து அள்ளிப் பையில் போட்டோம். வேறு வழியில்லை. பைகள் கறுப்பாக இருக்கின்றன. பார்சல் வண்டிக்காரன் சீட்டில் அட்டை விரித்து வைத்தான்.

ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். சிமெண்ட் இல்லை, கலக்க ஆளும் இல்லை. துளை வாயில் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து, சுற்றி முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறேன். மூடுவது பிறகு.

மார்ச் 8, புதன். பகல் 12.30

லேப் முடிவு வந்தது. நான்கு முறை படித்தேன்.

ஒன்பதாம் துளை, 41 முதல் 57 மீட்டர். மாலிப்டினம் சராசரி 0.06 சதவீதம். மேற்கில் எட்டுத் துளையிலும் சேர்த்து இவ்வளவு நல்ல நீளம் ஒன்றுகூடக் கிடையாது. டங்ஸ்டன் சுத்தமாக இல்லை, அது பரவாயில்லை. கடைசியில் 'குறிப்பு' என்று இரண்டு வரி சின்ன எழுத்தில் இருக்கிறது. லேப்காரர்கள் எப்போதும் ஏதாவது எழுதுவார்கள்.

தனபாலன் சாருக்கு போன் செய்தேன். எண்ணை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்புறம், "டேய் நவநீதா! நான் வெள்ளையில விரல வச்சேன், நீ கறுப்ப எடுத்துட்டியேடா!" என்றார். முதல் தடவையாக 'டா'.

வெடிப்புகள் வழியாகத்தான் மாலிப்டினம் ஏறியிருக்கும். வெடிப்பு இருக்கிற ஆழத்தில் மட்டும்தான் இருக்கிறது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. புத்தகத்தில் போட்ட படம் மாதிரி இருக்கிறது.

மார்ச் 10, வெள்ளி

'கிழக்கு மண்டலம்' என்று பெயர் வைத்தது நான்.

மார்ச் 13, திங்கள். இரவு 9.00

தலைமை அலுவலகம் ஒப்புக்கொண்டது. திட்டப் பகுதியை ஓடைக்குக் கிழக்கே நாற்பத்தாறு ஏக்கர் நீட்டிக்க விண்ணப்பம் போய்விட்டது. நிலக்காரர்களின் ஆட்சேபணை கேட்கும் கூட்டம் 27ஆம் தேதி காலை 11 மணி, தாலுகா ஆபீஸில். அன்று பத்து மணிக்குள், மாதிரிகள் முறைப்படி எடுக்கப்பட்டவை என்று நான் கையெழுத்துப் போட்ட சான்று தனபாலன் சார் கையில் இருக்க வேண்டும்.

சீனியர் பதவிக்கு என் பெயரை எழுதியிருக்கிறாராம்.

மாதம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது என் வேலையும் இல்லை. நோட்டீஸ் வரும்.

மார்ச் 20, திங்கள். பகல் 1.00

சர்வே ஆட்கள் வந்து கல் நட்டார்கள். சிவப்புப் பெயிண்ட் அடித்த கல். ஒன்று அவள் கிணற்றுக் குழிக்கும் மரவள்ளிக்கும் நடுவில் விழுந்தது. நோட்டீஸும் கொடுத்தார்கள். அவள் அதைப் படித்துவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தாள். பதினைந்து பேர் இருந்தார்கள்.

"ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னியே சார்?"

"நெனச்சது அப்படி. லேப்ல வேற மாதிரி வந்திருக்கு."

"லேப்பு இன்னா, எங்க மூத்தாருக்குச் சொந்தமா? பதினோரு வருசம் அவன் கிட்ட புடுங்கனன். அவனாவது சண்ட போட்டுப் புடுங்கனான். நீ பத்து நாளு கேட்டு, என் கையாலயே கல்லக் கழுவ வெச்சிப் புடுங்கறியே!"

"இப்பவே யாரும் நிலத்தை எடுக்கலை. மூணு வருஷம் ஆராய்ச்சிதான். அதுக்கு அப்புறம்தான்..."

"மூணு வருசம் நான் கெணறு வெட்டலாமா?"

வெட்டக் கூடாது. குறித்த பகுதியில் புதிதாக எதுவும் தோண்டக் கூடாது. நோட்டீஸில் இருக்கிறது.

"பதனாறு அடி ஆயிருக்குது சார். ஊத்து கசியுது. சொல்லு, வெட்டலாமா, கூடாதா?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதவில்லை. அவள் கத்தவில்லை. பிரஷைக் கழுவி, ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

விஞ்ஞானத்தோடு சண்டை போட்டு என்ன செய்ய முடியும்? பாறையில் இருந்தால் இருக்கிறது. நான் வைத்ததா?

மார்ச் 21, செவ்வாய்

மாதம்மாள் வரவில்லை. ஊரிலிருந்து திரும்பிய ஆட்கள் மேற்குச் சரிவில் போடும் பத்தாம் துளையின் பெட்டிகள் கழுவாமல் கிடக்கின்றன.

மார்ச் 23, வியாழன். மாலை 4.45

இன்றும் வரவில்லை. நானே கழுவினேன். ஒரு பெட்டிக்கு நாற்பது நிமிஷம் ஆகிறது.

கழுவிக்கொண்டே இருக்கும்போது எரிச்சலில் ஒன்பதாம் துளைப் பெட்டிகளை இறக்கினேன். 0.06 என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மாலிப்டினம் இருக்கிற கல்லில் வெள்ளி மாதிரிச் செதில் இருக்கும், காகிதத்தில் தேய்த்தால் கோடு விழும். லென்ஸை வைத்து 41இலிருந்து 57 வரை துண்டு துண்டாகப் பார்த்தேன். இரண்டு மணி நேரம். ஒரு செதில் இல்லை. சாம்பல் கல். வெறும் சாம்பல் கல். முதல் நாள் நான் சொன்ன அதே கல்.

லேப் சொதப்பியிருக்கிறது என்று முடிவு செய்து, போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். எடுத்தது ஷபானா, எங்கள் மாதிரிகளைப் பார்க்கிற வேதியியலாளர். நான் முடிக்கும் வரை கேட்டார்.

"முடிச்சிட்டீங்களா சார்? 41லேர்ந்து 57 வரைக்கும் உங்க பை எட்டும் மெக்கானிக் ஷெட்ல இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. அரைக்கிற மெஷினை மூணு வாட்டி கழுவ வேண்டியதாப் போச்சு. 'மாதிரிகளில் எண்ணெய்ப் பிசுக்கு உள்ளது, முடிவை உறுதி செய்யவும்'னு குறிப்புல போட்டிருந்தேன். படிக்கலையா?"

முடிவுத் தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"எந்த கிரீஸ் சார் போட்டீங்க?"

போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 24, வெள்ளி. காலை 6.00

இந்த நோட்டைப் பின்னால் திருப்பினேன்.

பிப்ரவரி 11. 41 மீட்டரில் பூச ஆரம்பித்தது. பிப்ரவரி 14. 57 மீட்டரில் நிறுத்தியது. கிழக்கு மண்டலம் 41இல் தொடங்கி 57இல் முடிகிறது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

ரிக் ஷெட்டுக்குப் போய் மிச்ச டப்பாவைத் துடைத்து, பின்பக்கம் இருந்த சின்ன எழுத்தைப் படித்தேன். மாலிப்டினம் டை சல்ஃபைடு, ஐம்பது சதவீதம். மாலி பேஸ்ட் என்றால் அதுதான். கடைக்காரர் அன்று அதன் பெயரைச் சொல்லித்தான் கொடுத்தார். நான்தான் அதை இங்கே எழுதியும் வைத்திருக்கிறேன். எம்.எஸ்ஸி. ஜியாலஜி. பல்கலைக்கழகத்தில் இரண்டாவது இடம். மாலிப்டினம் தேடப் போன துளையில் மாலிப்டினப் பேஸ்டை ஏழரைக் கிலோ பூசி, சகதியோடு அள்ளி, பையில் கட்டி, பார்சலில் அனுப்பி, இருக்கிறது என்று துள்ளியிருக்கிறேன்.

நான் வைத்ததா என்று கேட்டிருக்கிறேன், திங்கள்கிழமை. நான் வைத்ததுதான்.

மார்ச் 25, சனி. மாலை 7.30

தனபாலன் சார் அரூர் லாட்ஜில் தங்கியிருக்கிறார். டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மேசை மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். டப்பாவைத் திருப்பி, படித்து, மூடியை இறுக்கினார்.

"ரிஜிஸ்டர்ல என்ன எழுதியிருக்கு?"

"கிரீஸ்னு."

"கிரீஸ்தானே போட்டீங்க?"

"சார்..."

"நான் சொல்றதைக் கேளு. இருபத்திரண்டு வருஷத்துல ஏழு மலை பார்த்துட்டேன். ஒண்ணுகூட சுரங்கமா ஆகலை. ரிட்டையர் ஆக பதினாலு மாசம் இருக்கு. நீட்டிப்பு வரட்டும். கிழக்கே அஞ்சு துளை சுத்தமாப் போடுவோம். இல்லேன்னா இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போவோம். மூணு வருஷம். யாருக்கு என்ன நஷ்டம்?"

"மாதம்மாளுக்கு."

"யாரு அது?"

எட்டு மாதமாக நம் கல்லைக் கழுவுகிறவர் என்றேன்.

அவர் எழுந்து போய் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு மெதுவாகத்தான் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "டப்பாவை வாங்கினது நீ. எழுதினா உன் தலையிலதான் விழும். எந்தக் கம்பெனி உன்னை அப்புறம் எடுக்கும்? எழுதியே ஆகணும்னா, ரிக் ஆள் தெரியாம பூசிட்டான்னு எழுது. அவன் திருச்செங்கோட்டுக்குப் போய் வேற ரிக் ஓட்டுவான்."

"அவர் வேண்டாம்னு சொன்னார் சார்."

"அது எங்க எழுதியிருக்கு?"

எங்கே என்று நான் சொல்லவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 26, ஞாயிறு. பகல் 2.20

மாதம்மாள் நிலத்துக்குப் போனேன். கிணற்றுக் குழிக்குள் இறங்கி, ஊறியிருந்த தண்ணீரைப் பக்கெட்டில் மொண்டு மரவள்ளிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. மேலேயே நின்று சொன்னேன். கீழே பார்த்துக்கொண்டு பேசுவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"உங்க நிலத்துல ஒண்ணும் இல்லை. நான் பூசின கறுப்பு மசிதான் லேப்ல காட்டியிருக்கு."

பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"கையில ஒட்டனதே, அதா?"

"அதுதான்."

"நான் அன்னிக்கே கேட்டன்ல? சோப்புல இருக்கறது காட்டும்னா இதுல இருக்கறது காட்டாதான்னு?"

"கேட்டீங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஒரு தண்ணி போதும்னு சொன்னேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். திட்டுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. ஏறி மேலே வந்து, சிவப்புக் கல்லின் மேலேயே உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு பாக்கெட்டு சோப்புத்தூள் சார். அதக் குடுக்க உனக்கு மனசு வரல. அதுக்காக ஒரு வாரமா நான் தூங்கல. மூத்தார் பையன் வந்து, 'இன்னா சித்தி, கேஸ்ல ஜெயிச்சியே, இப்ப இன்னா ஆச்சி'ன்னு கேட்டுட்டுப் போறான்."

ஒன்பதாம் துளை இருபது அடி தள்ளி இருக்கிறது. பிளாஸ்டிக் குடம் வெயிலில் வெளுத்து, ஒரு பக்கம் வெடித்துவிட்டது. முள்ளை ஆடு இழுத்துப் போட்டிருக்கிறது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"மூடறன்னியே, அதுவும் இல்ல."

"நாளைக்குக் கூட்டத்துக்கு லெட்டர் எழுதிக் குடுத்துடறேன். எல்லாத்தையும் எழுதி..."

"லெட்டரா? அத உன் மேனேஜரு ஒரு பைலுல சொருவிட்டு, வரவே இல்லம்பாரு. பதினோரு வருசம் அதத்தான் சார் பாத்தன்." எழுந்து பக்கெட்டை எடுத்தார். "அன்னிக்கு நீ எழுதித் தரவான்ன. நான்தான் வாயில சொன்னா போதும்னு வுட்டுட்டன். ஏமாந்தன். இப்ப எனக்கு ரெண்டும் வேணும். எழுத்தும் வேணும், எல்லாரும் இருக்கறப்ப உன் வாயும் வேணும். முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிட்டுப் போ. பாதி கெணறு தண்ணி மொள்ளணும்."

முடியும் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. தன்னிடம் இன்னொரு பக்கெட் இருக்கிறது என்றார். மொண்டேன்.

மார்ச் 27, திங்கள். காலை 5.20

சான்றுத் தாள் மேசை மேல் இருக்கிறது. என் பெயர் டைப் செய்யப்பட்டு, அதற்கு மேலே கோடு. தனபாலன் சாரிடமிருந்து ஒரு செய்தி: 'நல்லா யோசி. பத்து மணி.' யோசித்தாகிவிட்டது.

செய்ய வேண்டியவை:

1. 6.30: செங்கோட்டுவேலை எழுப்புவது. மிச்சமிருக்கும் டப்பாவைத் துணி சுற்றி அரக்கு வைத்து, அவர் முன்னால் தேதி போடுவது.

2. "இது நம்ம சரக்கு இல்லை என்று அவர் சொன்னார், நான் கேட்கவில்லை" என்று தனித்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் சட்டைப் பையில் வைப்பது. கூட்டத்துக்குப் போவதற்கு முன்பே.

3. 7.00: ஷபானாவுக்கு போன். முதலில் மன்னிப்பு. பிறகு, லேப்பில் மிச்சமிருக்கும் மாதிரியைப் பிசுக்கு நீக்கி மறுபடி பார்க்கச் சொல்வது. குறிப்பு எழுதிய முடிவுத் தாளின் நகல் கேட்பது.

4. 8.00: அரூர் பஸ் ஸ்டாண்டில் இந்த நோட்டு முழுவதும் ஜெராக்ஸ், நான்கு செட். வேண்டிய பக்கம் மட்டும் அல்ல, முழுவதும்.

5. 9.30: ஒரு செட்டைத் தாலுகா ஆபீஸில் கொடுத்து முத்திரை வாங்குவது. கடிதத்தில் 'பூசப்பட்டது' என்று எழுதக் கூடாது. 'வாங்கினேன், பூசச் சொன்னேன், கழுவ விடவில்லை.'

6. 10.00: சான்றைக் கையெழுத்து இல்லாமல் தனபாலன் சாரிடம் திருப்பிக் கொடுப்பது. கத்தக் கூடாது.

7. 11.00: கூட்டத்தில் எழுந்து நின்று வாயால் சொல்வது. மாதம்மாள் பக்கம் மட்டும் திரும்பியல்ல, எல்லோர் பக்கமும் திரும்பி.

8. இரண்டு மூட்டை சிமெண்ட், மணல். ஒன்பதாம் துளையை மூடுவது. ஆளை விட்டு அல்ல.

9. அந்த ஒரு பாக்கெட் சோப்புத்தூள். 41 முதல் 57 வரை உள்ள எல்லாப் பெட்டிகளையும் நானே கழுவுவது, ரெண்டு தண்ணி விட்டு.

10. கூட்டம் தொடங்கும் முன், இந்த நோட்டின் அசலை மாதம்மாள் கையில் கொடுப்பது. நகல் தொலையும், அசல் அவரிடம் தொலையாது. அவரைப் பற்றி நான் எழுதியதையும் படிப்பார். படிக்கட்டும். எதையும் அடிக்கவில்லை, ஒரு பக்கமும் கிழிக்கவில்லை.